தாராவியில் பிள்ளைகளைப் படம் எடுக்கும் முன்: புதிய தன்னார்வலர்களுக்கு ஒரு வழிகாட்டி

தாராவியில் மாலை வகுப்பு எடுக்க வரும் இளைஞர்கள் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே இணையத்தில் ஒரு படம் போட்டுவிடுகிறார்கள். சின்ன அறை, தரையில் பாய், சிரிக்கும் பிள்ளைகள், நடுவில் அக்காவோ அண்ணனோ. நல்லெண்ணத்தில்தான் போடுகிறார்கள். ஆனால் அந்தப் பிள்ளைகளில் ஒருவரிடமும் யாரும் கேட்டிருப்பதில்லை. வீட்டில் கேட்பது இன்னும் அபூர்வம். மும்பையிலேயே அதிகமாகப் படமெடுக்கப்பட்ட பகுதிகளில் ஒன்று இது. இங்கே நடைச் சுற்றுலா நடத்தும் ஒரு நிறுவனம் பல ஆண்டுகளாகப் பயணிகளிடம் கேமராவை உள்ளே வைக்கச் சொல்கிறது. ஒரு மணி நேரம் வந்து போகும் வெளிநாட்டுப் பயணிக்கு இருக்கும் அந்தக் கட்டுப்பாடு, தினமும் பிள்ளைகளோடு உட்காரும் நமக்கும் இருக்க வேண்டும்.

தாராவி, ஆன்டாப் ஹில், சயன் கோலிவாடா போன்ற இடங்களில் தமிழ்ப் பிள்ளைகளுக்காக நடக்கும் படிப்பகம், நூலகம், விளையாட்டுப் பயிற்சி ஆகியவற்றில் புதிதாகச் சேர்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். படமே எடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. வகுப்பு நடப்பது ஊருக்குத் தெரிந்தால்தான் புத்தகம் வரும், மின்விசிறி வரும். ஆனால் நம் வேலையைக் காட்டுவதற்குப் பிள்ளையின் முகத்தைச் செலவழிக்க வேண்டியதில்லை. அதை எப்படிச் செய்வது என்பதுதான் கீழே இருப்பது.

முதலில் காரணத்தை எழுதுங்கள்

கைபேசியை எடுப்பதற்கு முன்னால், இந்தப் படம் எதற்கு, யார் பார்க்க, எவ்வளவு நாள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ‘ஜூலையில் நூலகம் திறந்ததைப் புத்தகம் கொடுத்தவர்களுக்குக் காட்ட’ என்பது காரணம். ‘நன்றாக இருந்தது’ என்பது காரணம் இல்லை. இப்படி எழுதத் தொடங்கினால் பாதிப் படங்களுக்கு முகமே தேவைப்படாது என்பது தெரியவரும். நூலகத்தைக் காட்ட அலமாரி போதும், புத்தகத்தைப் பிரிக்கும் கைகள் போதும்.

வீட்டுக்குப் போய்க் கேளுங்கள்

சம்மதத்தை வகுப்பு வாசலில் வாங்காதீர்கள். அங்கே நீங்கள் ஆசிரியர். பிள்ளைக்கு இலவசமாகச் சொல்லிக்கொடுப்பவரிடம் எந்தத் தாயும் முடியாது என்று சொல்லமாட்டார். தாளை நீட்டினால் இதுதான் நடக்கும்: “உங்களுக்குத் தெரியாததா மிஸ், எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.” இதை நான் சம்மதமாக எடுத்துக்கொள்வதில்லை. அது நன்றி. நன்றியைப் படத்துக்கான அனுமதியாக மாற்றிக்கொள்வது நியாயம் ஆகாது.

வீட்டுக்குப் போங்கள். நேரம் பார்த்துப் போங்கள். இட்லி வியாபாரம் செய்யும் வீடுகளில் பின்னிரவிலேயே அடுப்பு மூட்டிவிடுவார்கள். காலை முழுக்க ஓட்டம், மதியம் கொஞ்சம் உறக்கம். அந்த வீடுகளுக்கு மாலை நான்கு மணிக்கு மேல் சரியாக இருக்கும். தோல் பட்டறைக்கும் தையல் பட்டறைக்கும் போகும் தகப்பன்மாரை ஞாயிற்றுக்கிழமைதான் பிடிக்க முடியும். போனதும் தாளை எடுக்காதீர்கள். உங்கள் கைபேசியில் உங்கள் மையத்தின் சமூக ஊடகப் பக்கத்தைத் திறந்து அவர் கையில் கொடுங்கள். “அக்கா, படம் இங்கேதான் வரும். நம் வகுப்பு ஆட்கள் மட்டும் இல்லை, முன்பின் தெரியாதவர்களும் பார்ப்பார்கள். ஒருமுறை போய்விட்டால் முழுவதுமாகத் திரும்ப எடுக்க முடியாது” என்று சொல்லுங்கள். பிறகு பேசாமல் இருங்கள். அவரே தள்ளிப் பார்க்கட்டும்.

அப்போதுதான் உண்மையான கேள்விகள் வரும். இங்கே அடிக்கடி கேட்கும் கேள்வி, “எங்கள் ஊரில் பார்ப்பார்களா?” என்பது. திருநெல்வேலிப் பக்கத்து ஊர்களிலிருந்து வந்து இரண்டு மூன்று தலைமுறையாக இங்கே இருக்கும் குடும்பங்கள் இன்னும் கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் ஊருக்குப் போகின்றன. பம்பாயில் நன்றாக இருக்கிறோம் என்பது அவர்கள் ஊரில் காப்பாற்றி வைத்திருக்கும் பெயர். ஒழுகும் கூரைக்குக் கீழே தங்கள் மகள் படிக்கும் படம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் சுற்றினால் அந்தப் பெயர் என்னாகும் என்று அவர்களுக்குத் தெரியும். இன்னொரு தாய்க்கு, பிரிந்துபோன கணவனுக்குத் தான் இருக்கும் இடம் தெரியக் கூடாது என்பது கவலையாக இருக்கலாம். மறுப்பவரிடம் காரணம் கேட்காதீர்கள். அவர் சொல்ல விரும்பினால் சொல்வார்.

தாளில் ‘சம்மதம்’ என்று ஒற்றைக் கட்டம் வைக்காமல் படிகளாகப் பிரியுங்கள். நாங்கள் பயன்படுத்தும் வாசகம் இது, அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

“வகுப்பில் எடுக்கும் என் பிள்ளையின் படத்தை: மையத்தின் சுவரில் மட்டும் ஒட்டலாம் / பெற்றோர் குழுவில் பகிரலாம் / முகம் தெரியாமல் இணையத்தில் போடலாம் / முகம் தெரியும்படி இணையத்தில் போடலாம் / எதுவும் வேண்டாம். நான் எப்போது வேண்டுமானாலும் மனத்தை மாற்றிக்கொள்ளலாம். வேண்டாம் என்று சொன்னாலும் பிள்ளையின் வகுப்புக்கு எந்தப் பாதிப்பும் இல்லை.”

வீட்டில் தமிழ் பேசினாலும் இந்தியிலோ மராத்தியிலோ மட்டும் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், எதுவுமே படிக்கத் தெரியாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். இந்தத் தாளை ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஏழு வயதில் கொடுத்த அனுமதி பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்குச் செல்லாது.

பெற்றோர் சம்மதித்தாலும் பிள்ளையிடம் தனியாகக் கேளுங்கள். ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை 1989ல் ஏற்கப்பட்டது. 1992ல் இந்தியாவும் அதில் சேர்ந்தது. தன்னைப் பற்றிய விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமை பிள்ளைக்கு உண்டு என்கிறது அதன் 12ஆம் பிரிவு. அந்தரங்கத்தில் தலையிடக் கூடாது என்கிறது 16ஆம் பிரிவு. சின்னப் பிள்ளைகள் வாயால் மறுக்கமாட்டார்கள். கேமராவைக் கண்டதும் புத்தகத்துக்குப் பின்னால் முகத்தை இறக்குவார்கள், பக்கத்துப் பிள்ளையின் தோளுக்குப் பின்னால் நகர்வார்கள். அதுதான் பதில். “கொஞ்சம் சிரி கண்ணா” என்று கெஞ்சாதீர்கள்.

கேமராவை எங்கே வைப்பது

பிள்ளைகள் தரையில் இருக்கும்போது நின்றுகொண்டு மேலிருந்து எடுத்தால் அண்ணாந்து பார்க்கும் கண்கள் மட்டுமே விழும். உதவிக்கு ஏங்கும் பிள்ளை என்ற எண்ணத்தை அந்தக் கோணமே உண்டாக்கிவிடும். நீங்களும் பாயில் உட்காருங்கள். பின்னாலிருந்து எடுங்கள், கையையும் நோட்டையும் எடுங்கள், கரும்பலகைக்கு முன் நிற்பவரின் முதுகை எடுங்கள்.

எடுத்த படத்தைப் பெரிதாக்கி நான்கு மூலையும் பாருங்கள். பள்ளிச் சீருடையில் முத்திரை, கழுத்தில் அடையாள அட்டை, நோட்டு அட்டையில் எழுதிய பெயர், சுவரில் கதவு எண், பின்னால் தெரியும் கடைப் பலகை. இவற்றில் இரண்டு சேர்ந்தால் போதும், அந்தப் பிள்ளை எந்தச் சந்தில் இருக்கிறது, எத்தனை மணிக்கு எந்தப் பள்ளியிலிருந்து வருகிறது என்று வெளியாள் கண்டுபிடித்துவிடலாம். குழாயடியில் குளிக்கும் பிள்ளை, பொதுக் கழிப்பறை வரிசை, உறங்கும் பிள்ளை, அழும் பிள்ளை: இவற்றை யாருடைய சம்மதம் இருந்தாலும் எடுக்காதீர்கள்.

முகத்தை மறைக்கக் கண்ணின் மீது கறுப்புப் பட்டை போடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அதனால் தெரிந்தவர்களுக்கு ஒன்றும் மறைவதில்லை. தெரியாதவர்களுக்கோ பிள்ளை குற்றவாளி போலத் தெரிகிறது. முகம் தெரியாதபடி எடுப்பதே மேல்.

கைபேசிக்குள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கேமரா அமைப்பில் இருப்பிடப் பதிவை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை படக்கோப்பிலேயே பதிந்துவிடும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பும்போது அந்தத் தகவல் நீங்கிவிடுகிறது. தெளிவு குறையாமலிருக்க ஆவணமாக அனுப்பினால் படத்தோடு சேர்ந்தே போகும். மையத்துக்கென ஒரு கைபேசி இருந்தால் அதில் மட்டும் எடுங்கள். உங்கள் சொந்தக் கைபேசியில் எடுத்தால், தானியங்கிச் சேமிப்பு இயக்கத்தில் இருக்கும்போது உங்கள் குடும்பப் படங்களோடு அந்தப் பிள்ளைகளின் முகங்களும் கூகுள் போட்டோஸுக்குத் தானாகப் போய்ச் சேரும்.

பெற்றோர் குழுவில் தாய்மாரின் எண்கள் எல்லாருக்கும் தெரிகின்றன என்பதையும் கவனியுங்கள். முன்பின் தெரியாத எண்ணிலிருந்து ‘ஹாய்’ வந்தால் சில வீடுகளில் பெரும் சண்டையே வரும். வாட்ஸ்அப் கம்யூனிட்டியின் அறிவிப்புக் குழுவில் உறுப்பினர்களின் எண்கள் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது. அதற்கு மாறிவிடுங்கள்.

பெயரும் குறிப்பும்

படத்தில் தப்பிய பிள்ளை படத்துக்குக் கீழே எழுதும் இரண்டு வரியில் மாட்டிக்கொள்கிறது. புதியவர்கள் அதிகம் கவனிக்காத இடம் இதுதான்.

முதலில் பெயர். தமிழ்நாட்டில் ஒரு பிள்ளையின் பெயருக்கு முன்னால் தலைப்பெழுத்து மட்டும் இருக்கும். மும்பைப் பள்ளிகளில் குடும்பப்பெயர் கேட்பதால், பல தமிழ்க் குடும்பங்களின் சாதிப்பெயர் பதிவேட்டில் குடும்பப்பெயராக ஏறியிருக்கிறது. ஆகவே பள்ளிப் பதிவில் உள்ளபடி முழுப் பெயரைப் போட்டால் பெயர், அப்பா பெயர், சாதி மூன்றையும் ஒரே வரியில் உலகத்துக்குச் சொல்லிவிடுகிறீர்கள். பத்தாம் வகுப்பு முடிவு வரும் நாளில் மதிப்பெண் பட்டியலையே படமெடுத்துப் போடுகிறார்கள். அதில் தேர்வு எண்ணும் தாய் பெயரும் பள்ளி விவரமும் இருக்கும். வாழ்த்துவதற்கு அது எதுவும் தேவையில்லை. ‘எங்கள் மையத்தில் படித்த எல்லாரும் தேறினார்கள்’ என்றால் போதும். தனியாகப் பாராட்ட வேண்டுமென்றால் வகுப்பில் எல்லார் முன்னும் பாராட்டுங்கள், பிள்ளைக்கு அதுதான் இனிக்கும்.

அடுத்து கதை. இந்த மாதிரிக் குறிப்புகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள்: “குடிசையில் பிறந்து, குடிகாரத் தந்தையின் கொடுமையைத் தாண்டி, இன்று ஆங்கிலம் பேசும் 9 வயதுச் சிறுமி!” ஒரே வரியில் அவள் வீடு, அவள் அப்பா, அவள் வயது எல்லாம் தெருவுக்கு வந்துவிட்டன. அவள் என்ன படித்தாள் என்பது மட்டும் இல்லை. பத்து வருடம் கழித்து ஒரு வேலைக்குப் போகும்போது, சம்பந்தம் பேசும்போது, இந்த வரி அவளுக்கு முன்னால் போய் நிற்கும். அப்பாவும் அதே சந்தில்தான் நடமாட வேண்டும்.

அதே பிள்ளையைப் பற்றி வேறு மாதிரி எழுதலாம்: “மழைக்காலத்தில் தன் தெருவில் தண்ணீர் எங்கெல்லாம் தேங்குகிறது என்று மூன்று நாள் பார்த்துக் குறித்து, நான்காம் வகுப்பு மாணவி ஒருத்தி வரைந்த வரைபடம். நீலம் முழங்கால் ஆழம், பச்சை கணுக்கால் ஆழம்.” இதற்குப் படம் அவள் வரைந்த தாள். முகம் இல்லை, பெயர் இல்லை, அப்பா இல்லை. ஆனால் படிப்பவருக்கு அவள் உன்னிப்பாகக் கவனிக்கிறவள் என்பது தெரிகிறது, தெருவில் தண்ணீர் தேங்குவதும் தெரிகிறது. தாராவியின் குறைகளை மூடி மறைக்கச் சொல்லவில்லை. சாக்கடையைக் காட்ட வேண்டுமானால் சாக்கடையைப் படமெடுத்து மாநகராட்சியைக் கேள்வி கேளுங்கள். அதன் முன்னால் ஒரு பிள்ளையை நிறுத்த வேண்டாம்.

உலகம் முழுவதும் தெரிந்த ஒரு படத்தை இங்கே நினைவுபடுத்துகிறேன். 1984ல் பாகிஸ்தானில் ஓர் அகதி முகாமில் எடுக்கப்பட்டு, 1985 ஜூன் மாத நேஷனல் ஜியாகிரஃபிக் அட்டையில் வந்த பச்சைக்கண் ஆப்கன் சிறுமி. அந்த முகத்தைக் கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். 2002ல் தேடிக் கண்டுபிடிக்கும் வரை, அவர் பெயர் ஷர்பத் குலா என்பது படமெடுத்தவருக்கே தெரியாது. அந்தப் பதினேழு ஆண்டுகளில் தன் படத்தை அவர் பார்த்ததே இல்லை. அந்நியர் ஒருவர் தன்னைப் படமெடுத்தபோது வந்த கோபம் மட்டும் அவருக்கு நினைவிருந்தது. எடுத்த படத்தை முதலில் பிள்ளைக்குக் காட்டுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். “இது வேண்டாம்” என்று பிள்ளை சொன்னால் அதன் கண்முன்னாலேயே அழியுங்கள்.

ஆண்டு முழுவதும் நீங்கள் போட்ட படங்களை ஒருமுறை வரிசையாக வைத்தும் பாருங்கள். துறுதுறுவென்று பேசும் அதே நான்கு பிள்ளைகள்தான் எப்போதும் இருக்கிறார்களா? சிவந்த நிறத்துப் பிள்ளையை முன்வரிசைக்கு இழுத்திருக்கிறோமா? பெண் பிள்ளைகள் கோலம் போடுகிறார்கள், ஆண் பிள்ளைகள் அறிவியல் சோதனை செய்கிறார்கள் என்று பிரிந்திருக்கிறதா? காலில் குறையுள்ள பையன், கால் தெரியும்படி மட்டுமே படத்தில் வருகிறானா? அவன் கேரம் ஆடுவதில் கெட்டிக்காரன் என்றால் அதுவல்லவா வர வேண்டும். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் மராத்தி, பாடத்தில் ஆங்கிலம் என்று புழங்கும் பிள்ளைகள் இவர்கள். அதையும் எழுதுங்கள்.

கொடையாளரும் செய்தியாளரும் வரும்போது

நோட்டுப் புத்தகம் கொடுப்பவர், பிள்ளை கையில் கொடுப்பது போலப் படம் கேட்பார். முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள், நேரில் மறுப்பது எல்லாருக்கும் சங்கடம். “ஐயா, புத்தகம் அடுக்கிய அலமாரியையும் பிள்ளைகள் எழுதிய நன்றிக் கடிதத்தையும் படமெடுத்து அனுப்புகிறோம், பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவதில்லை” என்றால் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்கிறார்கள். முகம் இல்லாமல் பணம் தரமாட்டேன் என்பவரின் பணம் வேண்டாம் என்பது என் தீர்மானம்.

செய்தியாளரையோ காணொளி எடுப்பவரையோ பிள்ளையோடு தனியே விடாதீர்கள். கேள்விகளை முன்பே கேட்டு வாங்குங்கள். “அப்பா அடிப்பாரா?” போன்ற கேள்வி வந்தால் அங்கேயே நிறுத்தும் உரிமை உங்களுக்கு உண்டு. பொங்கல் நாளில் தெருவில் வரிசையாகப் பானை வைத்துப் பொங்கும்போது யார் வேண்டுமானாலும் கேமராவோடு வருவார்கள். அதைத் தடுக்க முடியாது. உங்கள் மையத்துப் பிள்ளைகளுக்கு “படம் எடுக்காதீர்கள்” என்று தமிழிலும் இந்தியிலும் தைரியமாகச் சொல்லப் பழக்கலாம்.

சட்டம் கண்டிப்பாகத் தடுப்பவை

பாலியல் குற்றத்துக்கு ஆளான பிள்ளையை அடையாளம் காட்டும் எதையும் ஊடகத்தில் வெளியிடக் கூடாது என்கிறது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு. பெயர், படம், முகவரி மட்டுமில்லை. குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் வரை அதில் அடங்கும். மீறினால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஜம்முவின் கட்டுவாவில் பாலியல் வன்கொடுமை செய்து கொல்லப்பட்ட சிறுமியின் அடையாளத்தை வெளியிட்ட 12 ஊடக நிறுவனங்கள் தலா 10 லட்சம் ரூபாய் செலுத்த வேண்டுமென்று 2018ல் தில்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. குற்றச்சாட்டுக்கு உள்ளான சிறார், பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் சிறார், சாட்சியான சிறார் ஆகியோருக்கும் இப்படிப்பட்ட பாதுகாப்பை 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவில் தருகிறது. ‘அனுதாபத்தில் போட்டேன்’ என்பது சாக்கு ஆகாது. இரங்கல் செய்தியிலும், நீதி கேட்கும் சுவரொட்டியிலும்கூடப் போடக் கூடாது.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழ் எல்லாரும் குழந்தைகள். அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும். அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தபோது, பிள்ளைகள் சிறுவயதில் இணையத்தில் விட்ட தடங்களின் விளைவை வாழ்நாள் முழுவதும் சுமக்கக் கூடாது என்று நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல் எழுதினார். அந்தத் தடங்களைப் பிள்ளைக்காக நாமே பதித்து வைப்பது அதைவிட மோசம்.

படம் கைமீறிப் போனால்

பதறாமல் வரிசையாகச் செய்யுங்கள். உங்கள் பதிவை நீக்குங்கள். யாரெல்லாம் பகிர்ந்தார்களோ அவர்களுக்குத் தனித்தனியாக எழுதி நீக்கச் சொல்லுங்கள். பிறகு அந்தத் தளத்திலேயே புகார் அளியுங்கள். 18 வயதுக்குக் கீழ் உள்ளவரின் படத்தைக் கூகுள் தேடலிலிருந்து எடுக்கப் பிள்ளையோ பெற்றோரோ விண்ணப்பிக்கலாம். நடந்ததைப் பெற்றோரிடம் அன்றைக்கே நேரில் போய்ச் சொல்லுங்கள். வேறு யார் மூலமாகவோ அவர்களுக்குத் தெரியவரக் கூடாது.

பிள்ளையின் முகத்தை ஆபாசப் படத்தோடு ஒட்டியிருந்தால், அல்லது உண்மையிலேயே அப்படிப்பட்ட படமாக இருந்தால், ஆதாரத்துக்கென்று அதைச் சேமிக்காதீர்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள், பெற்றோர் குழுவில் ‘எச்சரிக்கை’ என்று போடவே போடாதீர்கள். வைத்திருப்பதும் பகிர்வதும் குற்றமாகலாம். சுட்டி, கணக்கின் பெயர், பார்த்த நேரம் ஆகியவற்றைக் கையால் எழுதிக்கொள்ளுங்கள். உடனே காவல் நிலையத்தில் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு எதிரான பாலியல் குற்றம் தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பதைப் போக்சோ சட்டம் தண்டிக்கிறது. குழந்தைகள் உதவி எண் 1098 நாள் முழுவதும் இயங்குகிறது. தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கான தனிப் பிரிவில் பெயர் சொல்லாமலும் புகார் தரலாம். அமெரிக்காவின் காணாமற்போன குழந்தைகள் மையம் நடத்தும் ‘டேக் இட் டவுன்’ சேவை, பிள்ளையின் கைபேசியில் உள்ள படத்தை வெளியே எடுக்காமலேயே அதற்கு ஓர் அடையாளக் குறியீடு உருவாக்கி, சேர்ந்திருக்கும் தளங்களில் அந்தப் படம் பரவாமல் தடுக்க உதவுகிறது.

இதற்கிடையில் பிள்ளையைத் திட்டவோ கைபேசியைப் பிடுங்கவோ யாரையும் விடாதீர்கள். திட்டு வாங்கிய பிள்ளை அடுத்த முறை சொல்லாது. வகுப்பை விட்டு நிறுத்தும் பேச்சு வீட்டில் எழுந்தால், குறிப்பாகப் பெண் பிள்ளை என்றால், அந்தப் பகுதிப் பெரியவர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு போய்ப் பேசுங்கள்.

எந்தப் படம் எங்கே போடப்பட்டது, யார் சம்மதித்தார்கள், எப்போது புதுப்பிக்க வேண்டும் என்று ஒரு பதிவேடு மையத்தில் இருக்கட்டும். வளர்ந்த பிள்ளை ஒருநாள் வந்து “அண்ணே, அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள்” என்று கேட்டால், அன்றே எல்லா இடத்திலிருந்தும் எடுக்க அதுதான் உதவும். நீங்கள் மும்பையை விட்டு வேறு வேலைக்குப் போகும்போது பதிவேட்டையும் கடவுச்சொற்களையும் அடுத்தவரிடம் ஒப்படையுங்கள். உங்கள் கைபேசியில் இருக்கும் வகுப்புப் படங்களை அழித்த பிறகு குப்பைத்தொட்டியையும் காலி செய்யுங்கள். கூகுள் போட்டோஸில் சேமிக்கப்பட்ட படங்கள் அழித்த பின்னும் 60 நாள் வரை அதில் இருக்கும்.